டெல்ஃப்டில் இடம் கிடைத்த மகளை அனுப்பலாமா? நெதர்லாந்தும் அதன் தண்ணீரும்

உங்கள் மகளுக்கு டெல்ஃப்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. நெதர்லாந்தில் பாதிக்கு மேல் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, சீக்கிரம் மூழ்கிவிடும் என்று உறவினர்கள் வீடியோ வீடியோவாக அனுப்புகிறார்கள். அனுப்பலாமா, அங்கே ஜனங்கள் எப்படிப் பயமில்லாமல் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நிலம் எத்தனை மீட்டர் இறக்கம் என்பதைத் தெரிந்துகொண்டால் மட்டும் உங்கள் கவலை தீராது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தண்ணீரை யார் தடுத்து வைத்திருக்கிறார்கள், அவர்களை நம்பிப் பெண்ணை அனுப்பலாமா என்பதுதான் கேள்விக்குள் இருக்கும் கேள்வி. நான் சிவில் இன்ஜினியரிங் முடித்து, நீர்வளத்தில் மேற்படிப்புக்காக அதே டெல்ஃப்டுக்குப் போனவன். படிப்பு முடிந்து அங்கேயே வடிகால், கரைப் பராமரிப்பு வேலைகளில் பல வருடம் இருந்தேன். தண்ணீர் பற்றி நான் சொல்வது தொழிலறிவு. வரலாறும் சமூகமும் பற்றிச் சொல்வது அங்கே வாழ்ந்து, படித்து, பேசிப் பழகியவன் என்ற அளவில்தான். அந்த வித்தியாசத்தோடு படியுங்கள்.

முதலில் அந்தப் ‘பாதிக்கு மேல்’ கணக்கு. கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பது நாட்டின் 26 சதவீத நிலம். இன்னொரு 29 சதவீதம் கடல் மட்டத்துக்கு மேலேதான் இருக்கிறது, ஆனால் ஆறு பெருகினால் வெள்ளம் வரக்கூடியது. இரண்டையும் கூட்டினால் 55. ஐ.நா. காலநிலைக் குழுவின் 2007 அறிக்கையில் இந்த 55-ஐயே ‘கடல் மட்டத்துக்குக் கீழே’ என்று போட்டுவிட்டார்கள். தகவலைக் கொடுத்த நெதர்லாந்துச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு நிறுவனமே 2010-இல் தவறு தங்களுடையது என்று சொல்லித் திருத்தியது. திருத்தம் பரவவில்லை, பழைய எண் மட்டும் இன்னும் சுற்றுகிறது. நாட்டின் மிகத் தாழ்ந்த இடம் ராட்டர்டாமுக்கு வடகிழக்கே நியூவெர்கெர்க் ஊர் அருகே, 6.76 மீட்டர் கீழே. தென்கிழக்கு மூலையில் 322 மீட்டர் உயரத்தில் ஒரு குன்றும் உண்டு, கிழக்கு மாகாணங்களில் நல்ல மணல் மேடுகளும் உண்டு. டெல்ஃப்டின் பழைய நகரம் ஏறக்குறைய பூஜ்யத்தில் நிற்கிறது. சுற்றியுள்ள புல்வெளிகள்தான் அதைவிட ஒன்றிரண்டு மீட்டர் இறங்கியிருக்கின்றன.

அவை ஏன் இறங்கின என்பதைப் புரிந்துகொண்டால் நாட்டையே பாதி புரிந்துகொண்ட மாதிரி. கடலைத் தூர்த்து நாட்டை உண்டாக்கினார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சில பகுதிகளுக்கு அது ஓரளவு பொருந்தும், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் இன்றைக்குத் தாழ்ந்து கிடக்கும் மேற்குப் பகுதியில் பெரும்பாலானது ஆயிரம் வருடத்துக்கு முன் கடல் மட்டத்துக்கு மேலேயே இருந்தது. கடற்கரை மணல்மேடுகளுக்குப் பின்னால், ரைன், மாஸ் ஆறுகளின் கிளைகளுக்கு நடுவே, பீட் எனப்படும் கரிச்சேற்று நிலம் பரந்து கிடந்தது. செடிகொடிகள் தண்ணீரில் ஊறி, முழுதும் மக்காமல் ஆயிரக்கணக்கான வருடம் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்த மண் அது. நனைந்த பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு சில மீட்டர் மேடாகவே நின்றது. மனிதன் கைவைக்கும் வரை.

சுமார் 1000-ஆம் ஆண்டிலிருந்து 1300 வரை, நாட்டின் மேற்குப் பகுதியான ஹாலந்தின் பிரபுக்களும் உட்ரெக்ட் பிஷப்பும் இந்தச் சேற்று நிலத்தைக் குடியானவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். நீள நீளமான பட்டைகளாக அளந்து, இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டி, தண்ணீரை வடித்து, கோதுமையும் கம்பு வகைத் தானியங்களும் போட்டார்கள். விமானம் ஆம்ஸ்டர்டாமில் இறங்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்தப் பட்டைகளை இன்றும் பார்க்கலாம். தண்ணீர் வடிந்ததும் இரண்டு காரியம் நடந்தது. மண் வற்றிச் சுருங்கியது. காற்றுப் பட்டதால் மக்காமல் கிடந்த செடிச்சத்து மக்கி, வாயுவாகவே போய்விட்டது. நிலம் இறங்கியது. இறங்கியதும் மறுபடி ஈரம் ஏறியது, இன்னும் ஆழமாக வாய்க்கால் வெட்டினார்கள், இன்னும் இறங்கியது. ஒரு கட்டத்தில் வயல் ஆற்று மட்டத்துக்கு வந்துவிட்டது, கரை கட்டினார்கள். கரைக்கு மதகு வைத்து, கடல் வற்றும் நேரத்தில் திறந்து தண்ணீரை வெளியே விட்டார்கள். அப்புறம் வற்றிய கடலைவிடவும் வயல் தாழ்ந்துபோனது. தானாக வடியாது, இறைக்கத்தான் வேண்டும். 1408-இல் அல்க்மார் பக்கம் தண்ணீர் இறைக்கும் காற்றாலை பற்றிய குறிப்பு இருக்கிறது. அஞ்சல் அட்டைகளில் அழகாக நிற்கும் காற்றாலைகளில் பெரும்பகுதி பிறந்தது இந்த நெருக்கடியில்தான். அதாவது, தாழ்ந்த நிலத்தில் போய்க் குடியேறிய மக்கள் இல்லை இவர்கள். குடியேறியதால் நிலத்தைத் தாழ்த்தியவர்கள், தாழ்த்தியதால் ஒருநாளும் கையை எடுக்க முடியாமல் ஆனவர்கள். நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

போதாக்குறைக்கு அந்தச் சேற்றையே வெட்டி, காயவைத்து, விறகாக எரித்தார்கள். ஹாலந்து நகரங்களின் அடுப்பும் பீர் ஆலையும் செங்கல் சூளையும் பீட்டில்தான் எரிந்தன. 16-ஆம் நூற்றாண்டில் நீர் மட்டத்துக்குக் கீழேயும் தோண்டத் தொடங்கினார்கள். தோண்டிய இடம் குளமாகி, குளங்கள் சேர்ந்து ஏரியாகி, காற்றில் அலை எழுந்து கரையை அரித்து, பக்கத்து ஊர்களைத் தின்றது. இந்த ஏரிகளையும் இயற்கையாகவே இருந்த ஏரிகளையும் வற்றவைத்ததில்தான் அடுத்த வகை நிலம் வந்தது. 1612-இல் ஆம்ஸ்டர்டாம் வியாபாரிகளின் பணத்தில், 43 காற்றாலைகள் வைத்து பேம்ஸ்டர் ஏரியை வற்றவைத்தார்கள். ஹார்லெம் ஏரி மட்டும் காற்றாலைக்கு அடங்கவில்லை. 1836-இல் இரண்டு புயல்கள் அந்த ஏரித் தண்ணீரை ஒரு பக்கம் ஆம்ஸ்டர்டாம் வாசலுக்கும் மறுபக்கம் லெய்டன் வாசலுக்கும் கொண்டுவந்ததும் அரசு முடிவெடுத்தது. மூன்று நீராவி இயந்திரங்கள் 1849 முதல் 1852 வரை இறைத்து 18,000 ஹெக்டேர் ஏரியைக் காயவைத்தன. உங்கள் மகள் இறங்கப்போகும் ஸ்கிபோல் விமான நிலையம் அந்த ஏரியின் தரையில்தான் இருக்கிறது, கடல் மட்டத்துக்கு மூன்று மீட்டருக்கும் கீழே. இயந்திரங்களில் ஒன்று இருந்த க்ரூக்கியூஸ் இறைப்பு நிலையம் இப்போது அருங்காட்சியகம். அந்த இயந்திரத்து சிலிண்டரின் விட்டம் மட்டும் 3.66 மீட்டர். நேரம் கிடைத்தால் அவள் போய்ப் பார்க்கட்டும்.

கடலிடமிருந்தே எடுத்தது என்று சொல்லத்தக்கது ஸய்டர்ஸே. நாட்டின் நடுவே புகுந்து கிடந்த உள்கடல் அது. கொர்னேலிஸ் லெலி என்ற பொறியாளர், பிறகு அமைச்சர், பல வருடம் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். 1916 ஜனவரி வெள்ளமும் முதல் உலகப் போர்க்கால உணவுத் தட்டுப்பாடும் சேர்ந்து 1918-இல் சட்டம் வந்தது. 32 கிலோமீட்டர் நீள அஃப்ஸ்லைட்டைக் கரையை 1932 மே 28-இல் அடைத்தார்கள். உள்கடல் நன்னீர் ஏரியானது. அதற்குள் வளைத்து வற்றவைத்த நிலத்தில் இன்று ஃப்ளேவோலாந்து என்ற முழு மாகாணம் இருக்கிறது, 1986-இல் உருவானது. உர்க் ஒரு காலத்தில் தீவு, இப்போது தரையோடு சேர்ந்த மீனவ ஊர்.

சரி, இதெல்லாம் எப்படி நாள்தோறும் ஓடுகிறது? டெல்ஃப்டை வைத்தே சொல்கிறேன். வயலுக்கு நடுவே ஓடும் சின்ன வாய்க்காலில் மழைநீரும் கீழிருந்து ஊறி வரும் நீரும் சேரும். அந்த வாய்க்கால் மட்டம் ஒவ்வொரு போல்டருக்கும், அதாவது கரையால் சூழப்பட்டுத் தனியாக வடிக்கப்படும் ஒவ்வொரு நிலத்துண்டுக்கும், சென்டிமீட்டர் கணக்கில் நிர்ணயிக்கப்பட்டது. அதைத் தாண்டினால் மின்மோட்டார் தானாக ஓடி, தண்ணீரை மேலே உள்ள பெரிய கால்வாய்க்கு ஏற்றும். டெல்ஃப்ட் நகரத்துக்குள் அழகுக்கு இருப்பதுபோலத் தெரியும் கால்வாய்கள் இந்தப் பெரிய கால்வாய் வலையின் பகுதிதான். அந்த வலையின் மட்டம் பூஜ்யத்துக்கு 43 சென்டிமீட்டர் கீழே நிறுத்தப்படுகிறது. அங்கிருந்து இன்னொரு முறை இறைத்துக் கடலுக்கோ ராட்டர்டாம் கப்பல் கால்வாய்க்கோ தள்ளுவார்கள். ஊருக்கு வெளியே சைக்கிளில் போனால் ஒரு பக்கம் படகு போகும் தண்ணீர் உங்கள் கால் மட்டத்தில் இருக்கும், மறுபக்கம் மாடுகள் அந்தத் தண்ணீரைவிடத் தாழ்வான புல்லில் மேய்ந்துகொண்டிருக்கும். புதிதாகப் போகிறவருக்கு வயிற்றைக் கலக்கும். அங்கே வளர்ந்தவர்களுக்குக் கண்ணில்கூடப் படாது.

இந்த மட்டங்களை நிர்ணயிப்பதும் கரைகளைக் காப்பதும் வாட்டர்ஸ்காப் எனப்படும் நீர்வாரியங்கள். உங்கள் கேள்விக்கு நேரான பதில் இங்கேதான் இருக்கிறது. லெய்டன் பக்கத்து ரைன்லாந்து வாரியத்துக்கு 1255-இலேயே ஆவணம் உண்டு, டெல்ஃப்டைச் சேர்ந்த டெல்ஃப்லாந்து வாரியம் 1289-இல் தொடங்கியது. நெதர்லாந்து என்ற நாடு பிறப்பதற்கு முந்நூறு வருடத்துக்கு முந்தைய அமைப்புகள் இவை. அன்றைக்குக் கரையில் ஒவ்வொரு நில உடைமையாளருக்கும் இவ்வளவு தூரம் என்று பங்கு உண்டு. தன் பங்கைப் பராமரிக்க முடியாதவர் கரையில் மண்வெட்டியைக் குத்திவிட்டு நிலத்தையும் விட்டுப் போக வேண்டும். அந்த மண்வெட்டியைப் பிடுங்கி எடுப்பவர் நிலத்தையும் எடுத்துக்கொள்வார், கரைப் பொறுப்பையும் ஏற்பார். இரக்கமில்லாத சட்டம்தான். ஆனால் ஒருவர் பங்கு உடைந்தால் எல்லோர் வீடும் போகும் என்பதும் உண்மை.

இன்று 21 வாரியங்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் தனித் தேர்தல், தனி வரி. நான் முக்கியமாக நினைப்பது அந்தத் தனி வரியைத்தான். கரைக்கு வசூலித்த பணத்தை மத்திய அரசு பள்ளிக்கோ சாலைக்கோ திருப்பிவிட முடியாது. வெள்ளம் வராத 40 வருடத்திலும் கரைக்குப் பணம் வந்துகொண்டே இருக்கும். வெள்ளம் வராத வருடங்களில்தான் கரைகள் கெடுகின்றன என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். வாரியத்து ஆட்கள் செய்யும் வேலை வெளியே தெரியாது. கரையில் வளை தோண்டும் மஸ்க் எலிகளைப் பிடிப்பதற்கென்றே முழுநேரப் பணியாளர்கள் இருக்கிறார்கள். புல் அடர்த்தியாக வேர்விடுவதற்காகக் கரையில் ஆடு மேயவிடுகிறார்கள். கோடையில் மழை பெய்யாவிட்டால் கரை மேல் நடந்து வெடிப்புகளைத் தேடுகிறார்கள். நானும் அப்படி நடந்திருக்கிறேன். வெடிப்பில் அளவுகோலை விட்டு ஆழம் பார்த்து, இடத்தைக் குறித்து, மறுநாள் அதே இடத்தைப் பார்ப்பது, விரிந்திருந்தால் தண்ணீர் தெளிப்பது. இவ்வளவுதான் வேலை.

கோடையில் ஏன் இந்தக் கவலை என்று தோன்றலாம். 2003 ஆகஸ்ட் 26 அதிகாலை வில்னிஸ் என்ற ஊரில் வெள்ளமே இல்லாத நேரத்தில் கரை நகர்ந்தது. அது பீட் மண்ணால் ஆன கரை. நீண்ட வறட்சியில் காய்ந்து எடை குறைந்துபோனதால், பக்கத்துக் கால்வாய் நீரின் அழுத்தத்தைத் தாங்காமல் சுமார் 60 மீட்டர் நீளத்துக்கு அப்படியே ஒதுங்கிவிட்டது. யாரும் இறக்கவில்லை, வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதற்குப் பிறகுதான் வறட்சிக் கண்காணிப்பு இவ்வளவு கறாரானது.

கிராமத்து மண்டபம் ஒன்றில் வாய்க்கால் மட்டம் நிர்ணயிக்கும் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். பால்பண்ணைக்காரர் 10 சென்டிமீட்டர் குறைக்கச் சொல்வார், ஈரநிலத்தில் டிராக்டர் புதைகிறது. பழைய வீட்டுக்காரர் கூடாது என்பார், அவர் வீட்டு அஸ்திவாரம் மரக் கம்பங்களில் நிற்கிறது, நிலத்தடி நீர் இறங்கிக் கம்பத்துக்குக் காற்றுப் பட்டால் மரம் உளுத்துவிடும். பறவைக் காவலர் 10 சென்டிமீட்டர் கூட்டக் கேட்பார். மட்டத்தைக் குறைத்தால் பீட் இன்னும் மக்கும், நிலம் இன்னும் இறங்கும் என்று எங்கள் தரப்பில் வரைபடம் காட்டுவோம். இன்றும் சில இடங்களில் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வரை இறங்கிக்கொண்டிருக்கிறது, மக்கும் பீட்டிலிருந்து கரியமில வாயுவும் வெளியேறுகிறது. கூட்டம் காபியோடு தொடங்கி, யாருக்கும் முழுத் திருப்தி இல்லாமல், ஆனால் எல்லோரும் ஏற்கும் ஒரு எண்ணோடு முடியும்.

இந்தக் கூட்டங்களிலிருந்துதான் டச்சுக்காரர்களின் பேசித் தீர்க்கும் அரசியல் பிறந்தது, தண்ணீர்தான் அவர்களை ஜனநாயகவாதி ஆக்கியது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு அவ்வளவு உறுதியில்லை, வரலாற்றாசிரியர்களுக்குள்ளும் இதில் ஒற்றுமை கிடையாது. பழைய நீர்வாரியங்களில் பேச்சுரிமை நிலம் உள்ளவருக்குத்தான், கூலியாளுக்கோ குத்தகைக்காரருக்கோ இல்லை. இப்போதைய சமரச அரசியலுக்கு நெருக்கமான காரணங்கள் வேறு. 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி அந்தச் சமூகம் கத்தோலிக்கர், புரோட்டஸ்டன்ட், சோஷலிஸ்ட், தாராளவாதி என்று தனித்தனித் தூண்களாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வொரு தூணுக்கும் தனிப் பள்ளி, தனிப் பத்திரிகை, தனித் தொழிற்சங்கம், தனி வானொலி. யாருக்கும் பெரும்பான்மை கிடையாது என்பதால் தலைவர்கள் மேலே பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. 1917-இல் மதப் பள்ளிகளுக்குச் சமமான அரசு நிதி, ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை என்று ஒரே பேரத்தில் முடித்தார்கள், பெண்களுக்கு 1919-இல் வாக்குரிமை வந்தது. ‘போல்டர் மாடல்’ என்ற பேச்சே முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் 1982-இல் வாசெனாரில் செய்துகொண்ட ஊதிய ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்ததுதான். 1960-களில் தூண்கள் இடிந்துவிட்டன, ஆனால் கூட்டணி பேரம் பேசும் பழக்கம் போகவில்லை.

நம்பலாமா என்ற கேள்விக்கு 1953-ஐ மறைத்துப் பதில் சொல்லக்கூடாது. ஜனவரி 31 சனிக்கிழமை இரவு, வடமேற்குப் புயலும் பௌர்ணமியையொட்டிய பெருங்கடலேற்றமும் ஒன்றாக வந்தன. ஸேலாந்து, தெற்கு ஹாலந்து, வடக்கு பிராபண்ட் பகுதிகளில் கரைகள் இருட்டில் உடைந்தன. வானொலி இரவில் ஒலிபரப்பு இல்லை, தொலைபேசிக் கம்பிகள் அறுந்தன. கூரை மேல் ஏறித் தப்பியவர்களில் பலரை ஞாயிறு மதியம் வந்த இரண்டாவது கடலேற்றம் கொண்டுபோனது. நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். கரைகள் தாழ்வானவை என்பது முன்பே தெரிந்திருந்தது. யோஹான் வான் வேன் என்ற அரசுப் பொறியாளர் வருடக்கணக்காக எச்சரித்துக்கொண்டிருந்தார். போரில் நொடித்த நாட்டில் பணம் வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் போனது, கரைக்கு வரவில்லை. அந்த இரவில் ஹாலந்தின் மையப்பகுதியைக் காக்கும் கரையும் நியூவெர்கெர்க்கில் உடையத் தொடங்கியது. ஆரி எவெக்ரூன் என்ற படகுக்காரர் தன் சரக்குப் படகை அந்த உடைப்பின் வாயிலேயே கொண்டுபோய்ச் செருகினார், கரை நின்றது. விரலால் கரை ஓட்டையை அடைத்த சிறுவன் கதை கேள்விப்பட்டிருப்பீர்கள், அது ஒரு அமெரிக்க நாவலால் பரவிய கற்பனை. எவெக்ரூன் செய்தது நடந்தது.

அதற்குப் பின் வந்தவைதான் டெல்டா திட்டப் பணிகள். 1958-இல் சட்டம், ஒன்றன்பின் ஒன்றாகக் கழிமுகங்கள் அடைப்பு. கிழக்கு ஸ்கெல்டையும் முழுதாக அடைக்கத்தான் முதலில் திட்டம். மீனவர்களும் சிப்பி வளர்ப்போரும் சூழல் ஆர்வலர்களும் 1970-களில் போராடி அதைத் தடுத்தார்கள். அதனால் 62 எஃகுக் கதவுகளோடு, சாதாரண நாளில் கடல் உள்ளே வந்து போகும்படியான 9 கிலோமீட்டர் தடுப்பு 1986-இல் வந்தது. அதிகச் செலவு, ஆனால் அந்தக் கழிமுகம் உயிரோடு இருக்கிறது. அந்த மக்களின் பொறியியலில் நான் மிகவும் மதிப்பது அந்த மனமாற்றத்தைத்தான். ராட்டர்டாம் வாசலில் 1997-இல் கட்டிய மாஸ்லாந்து தடுப்பு, இரண்டு பிரம்மாண்டமான கதவுகள் மிதந்து வந்து ஆற்றையே மூடுவது. 2007 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் புயலுக்காக மூடினார்கள்.

கடல் இப்படி அடங்கியிருக்க, ஆறுகள் வேறு பாடம் கற்பித்தன. 1995 ஜனவரி இறுதியில் ரைன் கிளைகளில் வெள்ளம் கரையைத் தொட்டு நின்றபோது இரண்டரை லட்சம் பேரை வெளியேற்றினார்கள். கரை உடையவில்லை. ஆனால் கரையை உயர்த்திக்கொண்டே போவது முட்டாள்தனம் என்று புரிந்தது. அடுத்து வந்த திட்டத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆற்றுக்கு இடம் விட்டார்கள். நைமேகனில் கரையைப் பின்னுக்கு நகர்த்தி வால் ஆற்றுக்கு இன்னொரு கால்வாயே வெட்டினார்கள், ஓவர்டீப் போல்டரில் பண்ணைகளை மேடுகள் மேல் திரும்பக் கட்டினார்கள். 2021 ஜூலையில் வெள்ளம் வந்தது மேட்டுப் பகுதியான லிம்பர்கில், வால்கென்பர்க் ஊரில். தாழ்ந்த மேற்குப் பகுதியில் இல்லை. ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் அந்த மழையில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உயரமான இடம் என்றாலே பத்திரம் என்ற நினைப்பை அது கலைத்தது.

வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினுக்கு எதிராக 1568 முதல் 1648 வரை நடந்த எண்பதாண்டுப் போரில் தண்ணீரே ஆயுதமானது. 1574-இல் முற்றுகையிலிருந்த லெய்டனை மீட்கக் கரைகளைத் தாங்களே உடைத்துப் படகில் வந்தார்கள். 1672-இல் பிரெஞ்சுப் படையையும் வயல்களை மூழ்கடித்தே நிறுத்தினார்கள். ஆனால் தண்ணீரோடு போராடிய சிறிய மக்கள் என்ற கதையை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தக்கூடாது. அந்தப் பணக்கார நூற்றாண்டின் இன்னொரு பாதி 1602-இல் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி. பழவேற்காட்டில் கோட்டை கட்டி, 1658-இல் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தது அதுதான். சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்தபோதெல்லாம் ஆயிரக்கணக்கான மக்களை அடிமைகளாக வாங்கி பட்டாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) இலங்கைக்கும் கப்பலேற்றியதும் அதுதான். யாழ்ப்பாணத்துத் தேசவழமையை 1707-இல் எழுத்தில் தொகுத்ததும் அவர்கள் ஆட்சியில்தான். நாகை விகாரத்துக்குச் சோழர் தந்த ஆனைமங்கலம் செப்பேடுகள் ‘லெய்டன் செப்பேடுகள்’ என்று பெயர் பெற்றதும் இந்தத் தொடர்பால். தென் அமெரிக்காவில் அவர்கள் ஆண்ட சுரிநாமில் அடிமைமுறை ஒழிந்தது 1863-இல். அதற்குப் பின் 1873 முதல் வட இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோனார்கள். அவர்கள் வம்சத்தினர் பலர் இன்று டெல்ஃப்டுக்குப் பக்கத்திலுள்ள ஹேக் நகரில் வாழ்கிறார்கள், அங்கே கறிவேப்பிலை கிடைப்பதற்கு அவர்கள் கடைகளும் ஒரு காரணம். 2023 ஜூலை 1-இல் மன்னர் அடிமை வணிகத்துக்காக மன்னிப்புக் கேட்டார்.

இப்போது வரும் காலம். உறுதியாகச் சொல்லக்கூடியது இது: டெல்ஃப்ட் இருக்கும் ஹாலந்து மையப்பகுதிக் கரைகள் பத்தாயிரம் வருடத்தில் ஒருமுறை வரக்கூடிய கடல்மட்டத்துக்கு என்று வடிவமைக்கப்பட்டவை. 2017 முதல் கணக்கையே மாற்றி, கரைக்குப் பின்னால் வசிக்கும் எந்த மனிதருக்கும் வெள்ளத்தால் சாகும் வாய்ப்பு வருடத்துக்கு ஒரு லட்சத்தில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள், 2050-க்குள் எல்லாக் கரையும் அந்தத் தரத்துக்கு வர வேண்டும். கடற்கரையில் வருடாவருடம் மணல் கொட்டுகிறார்கள். 2011-இல் ஹேக் நகருக்குத் தெற்கே ஒரே இடத்தில் 2.15 கோடி கன மீட்டர் மணலைக் குவித்து, அலைகளே அதைக் கரை நெடுகப் பரப்பும்படி விட்டார்கள். ஆக, உங்கள் மகள் படிக்கும் காலத்திலும் அதற்குப் பிந்தைய சில பத்தாண்டுகளிலும் மூழ்கும் என்ற பேச்சுக்கு இடமில்லை.

சந்தேகத்துக்குரியது இந்த நூற்றாண்டின் கடைசியும் அதற்கு அப்பாலும். அந்நாட்டு வானிலை நிறுவனம் 2023-இல் தந்த கணக்கில், உமிழ்வு குறையாவிட்டால் 2100 வாக்கில் கடல் 60 சென்டிமீட்டர் முதல் 1.2 மீட்டர் வரை ஏறலாம். அண்டார்டிகா பனி எதிர்பாராத வேகத்தில் உடைந்தால் அதைவிடவும் கூடும். கடல் கரையைத் தாண்டி வருவதைவிட எங்களுக்குப் பெரிய கவலைகள் உண்டு. கடல் ஏற ஏற உப்புநீர் நிலத்துக்கு அடியில் ஊறி வரும். கோடையில் ரைனில் நீர் குறைந்தால் அந்த உப்பைத் தள்ள நன்னீர் போதாது. அஃப்ஸ்லைட்டைக் கரையிலிருந்து இதுவரை தானாகக் கடலுக்கு வடிந்த தண்ணீரை இறைத்துத் தள்ள வேண்டியிருக்கும், அதற்கான இறைப்பு நிலையமும் அங்கே திட்டத்தில் சேர்க்கப்பட்டது. எவ்வளவு ஏற்றம் வரை இந்த முறை தாங்கும், எப்போது சில நிலங்களைத் தண்ணீருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதில் என்னோடு வேலை செய்தவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. மூன்று மீட்டர் வரை பொறியியலால் முடியும் என்பவரும் உண்டு, பணமும் மனமும் அதற்கு முன்பே தீர்ந்துவிடும் என்பவரும் உண்டு. நான் இரண்டாவது கட்சிக்குக் கொஞ்சம் பக்கம்.

எனவே அனுப்புங்கள். தண்ணீரைவிட நீங்கள் இப்போதே கவலைப்பட வேண்டியது அவள் தங்கும் இடம். 1.8 கோடிப் பேர் நெருக்கியடித்து வாழும் நாட்டில் வீட்டுத் தட்டுப்பாடு கடுமையாக இருக்கிறது. அறை உறுதியாகாமல் கிளம்பி வராதீர்கள் என்று சில பல்கலைக்கழகங்களே வெளிநாட்டு மாணவர்களிடம் சொல்கின்றன. இடம் கிடைத்த கையோடு அறை தேடத் தொடங்கட்டும், நேரில் பார்க்காத அறைக்கு முன்பணம் அனுப்ப வேண்டாம், அந்த முகவரியில் நகராட்சிப் பதிவு செய்யலாமா என்று முதலிலேயே கேட்கட்டும். டச்சுக்காரர்கள் முகத்துக்கு நேரே பேசுவார்கள், அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முகவரி கிடைத்ததும் ‘ஓவர்ஸ்ட்ரோம் இக்’ என்ற அரசுத் தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால், கரை உடைந்தால் அந்தத் தெருவில் எத்தனை மீட்டர் தண்ணீர் நிற்கக்கூடும் என்று காட்டும். மறைக்காமல் காட்டுகிறார்கள், பார்த்துவிட்டு மேல்மாடி அறையாகவே எடுக்கலாம். போய்ச் சேர்ந்த சில மாதங்களில் டெல்ஃப்லாந்து வாரியத்திலிருந்து அவள் பெயருக்கு வரி நோட்டீஸ் வரலாம். ஏமாற்று வேலை என்று தூக்கிப் போட வேண்டாம், வருமானம் குறைந்தவர்கள் தள்ளுபடிக்கு விண்ணப்பிக்க வழி உண்டு, மாணவர்களும் கேட்டுப் பார்க்கலாம். அடுத்த நீர்வாரியத் தேர்தல் 2027 மார்ச்சில். சட்டப்படியான வசிப்பு அனுமதியோடு அந்தப் பகுதியில் பதிவு செய்திருந்தால், 18 வயது நிறைந்த வெளிநாட்டவரும் அதில் வாக்களிக்கலாம். வாக்களிக்க அழைக்கும் அட்டை வீட்டுக்கே வரும், அவள் அப்போது அங்கே இருந்தால் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வரட்டும்.